அப்படியொரு கோப்பு இல்லை

நாலாம் குறுக்குத் தெரு. வெங்காய மூட்டைகளுக்கும்
கொச்சிக்காய்த் தூசுக்கும் நடுவே ஒரு கணினி.
திரையின் பொலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை.
பழையது மின்னலில் போய்விட்டதாம்.
நிரலை மட்டும் ஒரு பென்டிரைவில் வைத்திருந்தார் ஹாஜியார்,
கடை லைசனோடு சேர்த்து ரப்பர் பட்டி போட்டு.

தொகுக்கச் சொன்னேன். ஆறாம் வரியிலேயே நின்றது:
அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை.

போன வருடம் கொட்டாஞ்சேனையில்
எனக்கு வந்த கடிதத்தின்மேல் தபால்காரர் எழுதியதும்
ஏறக்குறைய இதே வசனம்.
அந்த நேரம் நான் மூன்றாம் மாடியில்
பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.
இல்லை என்றால்
தேடிய இடத்தில் இல்லை. அவ்வளவுதான்.

தொகுப்பிக்கும் தேடுவதில் ஒரு முறை உண்டு.
கூரடைப்புக்குள் பெயரிருந்தால் பொதுவிடங்களில் மட்டும் பார்க்கும்.
மேற்கோளுக்குள் இருந்தால்
முதலில் சொந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
அப்புறம்தான் தெருவுக்கு இறங்கும்.

ஆறாம் வரி கூரடைப்பு. யூஎஸ்பி நூலகத்தின் தலைப்பு.
நூலகம் என்னவோ இருந்தது. ஓட்டுகிறவர்களுக்கு அது போதும்;
கட்டுகிறவர்களுக்கான பொதி வேறு,
பெயரின் வாலில் ‘டெவ்’ என்று இருக்கும்.
என் டேட்டாவில் இறக்கினேன். ஒரு பிளேன்டீ ஆறிப்போனது.

ஏழாம் வரி மேற்கோள். தராசு, புள்ளி, எச்.
மேக்ஃபைலைத் திறந்தால் தேடவேண்டிய வழி இப்படி:
ஹோம் / கஜவதனன் / புதுசு / கடைசி.

“கஜவதனன் ஆரு, ஹாஜியார்?”
“எழுதின பொடியன் புள்ள. கனடாவுக்குப் பெய்த்தான்.
நம்பரும் மாறிட்டு.”

ஆக, நாலு வருடமாய்
இந்தக் கடையின் நிறையெல்லாம்
அவன் வீட்டு வாசலைக் கேட்டுத்தான் வந்திருக்கிறது.
புதிய இயந்திரத்தில் அந்த வீட்டை யாரும் கட்டவில்லை.

பென்டிரைவின் மூலையில் ஒரு பொருட்கோப்பு மிஞ்சியிருந்தது.
பெயர்ப் பட்டியலை விரித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்:
தராசு திற, தராசு வாசி, தராசு மூடு.
செய்கிற உடம்பு பத்திரமாய் உள்ளே கிடக்கிறது.
எதைக் கொடுக்கவேண்டும், எது திரும்பி வரும்
என்று சொல்லும் முகம்தான் இல்லை.

நானே எழுதினேன், மூன்று வரி.
‘வாசி’ ஒரு முழுஎண் தருமென்று ஊகித்தேன்.
தொகுத்தது. இணைத்தது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

நாட்டாமை ஐம்பது கிலோ மூட்டையைத் தட்டில் இறக்கினார்.
திரை சொன்னது: ஆறு.
மூட்டையை எடுத்தார். ஆறு.
அவரே ஏறி நின்றார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.
ஆறு.
ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்தார்.

தலைப்பில் நான் சொன்ன பொய்யை
தொகுப்பி சந்தேகிக்கவேயில்லை.
நம்பி, பிழையான பையில் கைவிட்டு
அங்கே கிடந்ததை எடுத்துவந்து நீட்டியிருக்கிறது.
பிழை காட்டி நின்ற ஏழாம் வரி
எவ்வளவோ யோக்கியம்.

முழுஎண்ணை அழித்துவிட்டு
தசமம் வரும் என்று எழுதினேன்.
நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

உடனே லொறிக்காரரோடு சண்டை தொடங்கிவிட்டது,
நானூறு கிராமுக்கு, இரண்டு மொழியில்.
அந்தச் சத்தத்துக்குள் இருந்து
மேக்ஃபைலில் கஜவதனன் வீட்டை அழித்தேன்.
அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
புள்ளியென்றால், இங்கேயே.
தலைப்பின் உச்சியில் ஒரு குறிப்பும்:
ஊகித்து எழுதியது. சரியானது அவனிடம் இருக்கும்.

காசோடு இரண்டு கிலோ வெங்காயமும் தந்தார் ஹாஜியார்.
நிறுத்துத்தான் தந்தார்.